ஜெயிலுக்குச் செடி கொடுப்பவர்கள் கவனத்துக்கு

ஜெயிலில் தோட்டம் போடப்போகிறோம், உபரியாகச் செடி இருந்தால் கொடுங்கள் என்று ஏதாவது ஒரு மாடித்தோட்டக் குழுவில் ஒரு வரி போட்டுப் பாருங்கள். அந்த வாரக் கடைசியில் உங்கள் வாசலில் கால் வைக்க இடம் இருக்காது. என்னிடம் இதைப் பற்றி விசாரிக்கிற எல்லோரும் முதலில் கேட்பது "இத்தனை செடிக்கு எங்கே போனீங்க?" என்பதுதான், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதில் செடி கிடைப்பது ஒரு விஷயமே இல்லை. கல்யாண மண்டபங்களில் தாம்பூலப் பையோடு மரக்கன்று கொடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. மூன்றாவது மாடியில் குடியிருக்கிறவர் தேக்கங்கன்றை வாங்கிக்கொண்டு போய் எங்கே நடுவார், கை கழுவுகிற இடத்தில் ஓரமாக வைத்துவிட்டு வண்டியை எடுத்துவிடுகிறார். மண்டப மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் மறுநாள் காலையில் ஒரு ஆட்டோ நிறைய அள்ளிக்கொண்டு வரலாம். பிறந்தநாள் விழா, கட்சி விழா, கம்பெனிகள் கொண்டாடுகிற சுற்றுச்சூழல் தினம், எல்லாவற்றிலும் மிச்சம் விழுகிறது.

நான் கொங்குப் பக்கம் ஒரு சின்ன நர்சரி நடத்துகிறேன். நான் போகிற சிறையின் பெயரை எழுதப்போவதில்லை. அனுமதி கொடுத்த அதிகாரிக்கு நாளைக்கு யாராவது கடிதம் போட்டுக் குடைச்சல் கொடுப்பார்கள், எதற்கு வம்பு. அங்கே இருந்த நல அலுவலர் அலுவலக வாசலுக்குக் குரோட்டன்ஸ் வாங்க வந்தவர், விற்காத நாற்று ஏதாவது இருந்தால் உள்ளே கொடுக்கலாமா என்று கேட்டார், அப்படி ஆரம்பித்தது. மனு மேலே போய்க் கீழே வர ஒரு விதைப்புப் பட்டமே கடந்துவிட்டது என்பதைத் தவிர அனுமதிக் கதையில் சுவாரசியம் எதுவும் இல்லை.

சுவாரசியம் சிறை வாசல் கேட்டில்தான். உள்ளே போகிற எதையும் சோதிக்காமல் விடமாட்டார்கள், அது அவர்கள் வேலை. சாப்பாட்டுப் பொட்டலத்தையே பிரித்துக் கிளறிப் பார்க்கிற இடத்தில், மண் நிரப்பிய பை என்றால் சும்மா விடுவார்களா? பீடிக்கட்டு, கஞ்சா, சிம் கார்டு, எதை வேண்டுமானாலும் அதற்குள் புதைக்கலாம். அன்றைக்கு கேட்டில் இருந்த வார்டர் ஒரு நீளக் கம்பியை எடுத்து, பை பையாக, மேலிருந்து அடிவரை மூன்று நாலு இடத்தில் குத்தி எடுத்தார். மரியாதையாகத்தான் செய்தார், ஒவ்வொரு தடவையும் "தப்பா நினைக்காதீங்கம்மா" என்று வேறு சொல்லிக்கொண்டார். கம்பி வெளியே வரும்போது வேர் நுனி அதில் ஒட்டிக்கொண்டு வந்தது. அந்தச் செடிகளில் பாதிக்கு மேல் பிழைக்கவில்லை. பாலிதீன் பையில் மண்ணோடு வளர்ந்த கன்றைச் சிறைக்குக் கொடுப்பது எவ்வளவு வீண் என்பதை நல அலுவலருக்கு நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை, அவரும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அப்புறம் குழித்தட்டுக்கு மாறினோம். நாற்றங்கால்காரர்கள் எல்லோரும் வைத்திருக்கிற அதே 98 குழித் தட்டுதான். குழிகளில் மண்ணுக்குப் பதில் தேங்காய் நார்க் கழிவு. அதைக் கட்டியாக அழுத்தி விற்கிறார்களே, 5 கிலோ கட்டி, அதைத் தண்ணீரில் ஊறவைத்தால் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். அதில் ஒளித்து வைக்க ஒன்றும் முடியாது, கையால் தடவினாலே தெரிந்துவிடும். விதை பாக்கெட்டை நகைக்கடை போல வெளிச்சத்தில் காட்டி உள்ளே அனுப்பலாம். கேட்டில் ஆகிற நேரமும் மிச்சம், செடியும் உள்ளேயே முளைத்து உள்ளேயே வளர்கிறது. தானம் கொடுக்க நினைக்கிற எல்லோருக்கும் நான் சொல்வது இதுதான்: கன்றாகக் கொடுக்காதீர்கள், விதையாகவும் தட்டாகவும் கொடுங்கள். இதைச் சொன்னால் பாதிப்பேர் முகம் சுருங்கிவிடுகிறது, ஏனென்றால் அவர்கள் வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிற செடியைக் கழிக்கத்தான் வந்திருப்பார்கள். ஒரு அமைப்பு பேனரோடு வந்து, பூந்தொட்டியைக் கையில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, தொட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனதும் உண்டு. அது வாடகைத் தொட்டியாம்.

இலவசச் செடியோடு இலவசமாக வருவது மாவுப்பூச்சி. செம்பருத்தி, குரோட்டன்ஸ், பப்பாளி எது வந்தாலும் இலைக்கு அடியில் வெள்ளைப் பஞ்சு இருக்கிறதா என்று பார்க்காமல் சேர்க்கக் கூடாது. 2008ல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி தலைகாட்டி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று ஒன்று விடாமல் தின்றதும், 2010ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோஃபேகஸ் பப்பாயே என்கிற ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அது அடங்கியதும் எங்கள் பக்கத்து விவசாயிகளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். வெளியே என்றால் மருந்து அடிக்கலாம். ஜெயிலுக்குள் பூச்சிமருந்து பாட்டிலைக் கொண்டுபோவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், காரணம் சொல்லத் தேவையில்லை. வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, லிட்டருக்கு 50 கிராம் என்று ராத்திரி ஊறவைத்து வடிகட்டித் தெளிக்கிறார்கள், அவ்வளவுதான் மருந்து.

"அப்ப இயற்கை விவசாயம்னு சொல்லுங்க, ஜீவாமிர்தம் போட வேண்டியதுதானே" என்று ஒரு நண்பர் சொன்னார். ஜீவாமிர்தத்துக்கு என்ன வேண்டும்? சாணி, கோமியம், பயறு மாவு, வெல்லம். வெல்லத்தை ஒரு டிரம்மில் கரைத்து மூடி வைத்துப் புளிக்கவிடப் போகிறோம் என்று ஒரு ஜெயிலரிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். எங்களிடம் அவர் சிரித்துக்கொண்டேதான் மறுத்தார், ஆனால் மறுப்பு மறுப்புதான். சாராய ஊறல் போடுவதற்கும் இதற்கும் வாசனையில் வேண்டுமானால் வித்தியாசம் இருக்கலாம்.

இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் என்ன நடலாம் என்பது தானாகத் தெரிந்துவிடுகிறது. கயிறும் கம்பியும் மூங்கிலும் கூடாது, ஆகவே பந்தல் காய் கிடையாது. பாகல், புடலை, பீர்க்கு எல்லாம் போயிற்று. மதிலுக்குப் பக்கத்தில் ஆள் உயரம் வளர்கிற எதுவும் கூடாது, கோபுரத்தில் நிற்கிறவருக்கு மறைக்கும், ஏறுவதற்கும் வசதி. வாழை, முருங்கை, பப்பாளி போயிற்று. விஷச் செடிகள் கூடாது. அரளி என்றால் எல்லோருக்கும் தெரியும், ஆனால் ஆமணக்கு, குன்றிமணி, ஊமத்தை, செங்காந்தள் எல்லாம் இந்தப் பட்டியலில் வரும். மாநில மலர் ஆயிற்றே என்று ஒரு அம்மா செங்காந்தள் கிழங்கு கொண்டுவந்து கொடுத்தார், மூலனூர்ப் பக்கம் அது நல்ல காசுப் பயிர், ஆனால் அந்தக் கிழங்கைத் தின்றால் ஆள் பிழைப்பது கஷ்டம். மிளகாய் வேண்டாம் என்றார்கள். எனக்கு முதலில் புரியவில்லை, காய்ந்த மிளகாயைப் பொடித்துக் கண்ணில் தூவலாம் என்று விளக்கிய பிறகு வாயை மூடிக்கொண்டேன். மிஞ்சியது கீரை வகைகள், முள்ளங்கி, வெண்டை, கத்தரி, தக்காளி, கொத்தவரை, குத்து அவரை, கறிவேப்பிலை. ஒரு குடும்பத்துக்கு இது தாராளம். கறிவேப்பிலையையும் வெட்டி வெட்டிப் புதராகவே வைத்துக்கொள்ளலாம்.

இதற்கு மேலும் ஒரு வடிகட்டல் இருக்கிறது, அதை வெளியில் இருக்கிற நாம் யோசிப்பதே இல்லை. ஜெயில் என்றதும் நமக்குத் தண்டனைக் கைதிதான் ஞாபகத்துக்கு வருகிறார். ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் வருடக் கணக்கில், நாடு முழுக்கச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நாலில் மூன்று பேர். இவர்கள் இன்றைக்கு இருப்பார்கள், நாளைக்கு ஜாமீன் கிடைத்தால் போய்விடுவார்கள், கிடைக்காவிட்டால் வருடக்கணக்கில் கிடப்பார்கள், யாருக்கும் தெரியாது. 15 நாளுக்கு ஒரு தரம் காவலை நீட்டிக்கிறார்கள். இந்த ஆளிடம் போய் "கத்தரி நடுங்கண்ணா, ரெண்டரை மாசத்தில் காய் பறிக்கலாம்" என்று சொன்னால் அவர் நம்மை எப்படிப் பார்ப்பார்? நீங்கள் இன்னும் ரெண்டரை மாசம் இங்கேதான் இருப்பீர்கள் என்று சொல்வது போலத்தானே அது?

அதனால் விசாரணைக் கைதிகள் இருக்கிற பிளாக்கில் சிறுகீரையும் அரைக்கீரையும் விதைத்தோம். 25 நாளில் அறுப்புக்கு வந்துவிடும், ரெண்டு நீட்டிப்புக்குள் ஒரு அறுவடை. முள்ளங்கி 45 நாள். கத்தரியும் கறிவேப்பிலையும் தண்டனைக் கைதிகள் பக்கம். கேட்பதற்கு விசித்திரமாக இருக்கும், ஆனால் பயிரின் வயதைத் தண்டனையின் வயதோடு பொருத்திப் பார்த்த பிறகுதான் ஆட்கள் தாங்களாக முன்வந்தார்கள். பைக் திருட்டு வழக்கில் வந்திருந்த ஒரு பையன், மண்வெட்டியை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாதவன், முள்ளங்கி மேல் பைத்தியமாக இருந்தான். தினமும் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப நட்டு வைப்பான். அறுப்புக்கு முந்தின நாள் அவனுக்கு ஜாமீன் கிடைத்தது. ஒரு நாள் இருந்து பார்த்துவிட்டுப் போயேன் என்று பக்கத்தில் இருந்தவர்கள் கிண்டல் செய்தார்களாம், திரும்பியே பார்க்காமல் ஓடியிருக்கிறான். சரியான காரியம்.

தண்டனைப் பக்கம் எனக்கு வாத்தியார் ஒருவர் இருக்கிறார். மானாவாரி விவசாயி, வரப்புத் தகராறில் பங்காளியை வெட்டிவிட்டு ஆயுள் தண்டனை. நான் குழித்தட்டைக் கொண்டுபோன அன்றைக்கு அதைக் கையில் வாங்கி அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். "நாத்து வளர்றது எல்லாம் செரிங்க அம்மணி, எறக்கி நடற மண்ணுல என்ன இருக்குதுங்க? ஒரு கூடை சாணி போடாம நட்டா அது சோடை போயிருமுங்க" என்றார். சிறை மண்ணைக் கிளறினால் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும்தான் வந்துகொண்டிருந்தது. அவர் சொன்னபடி புங்கந்தழையைப் பரப்பி மண் மூடி, சமையற்கட்டில் அரிசி கழுவுகிற தண்ணீரை அந்தப் பக்கம் திருப்பிவிட்டோம். இத்தனை பேருக்குச் சோறு பொங்குகிற இடத்தில் அரிசி கழுவின தண்ணீர் ஒரு சின்ன வாய்க்கால் அளவுக்கு வரும், அதுவரைக்கும் நேரே சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. நல அலுவலர் ஒரு நாள் எதற்கோ வழக்கைப் பற்றிப் பேச்செடுத்தபோது அந்தப் பெரியவர், "அந்த வரப்பு ஒன்றரை முழங்கூட இருக்காதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் களை எடுக்கப் போய்விட்டார். நான் அவரிடம் அதற்கு மேல் எதையும் கேட்டதில்லை.

காய்கறிக் கழிவு மக்குவதற்குக் குழி வெட்டியபோது ஒரு சிக்கல் வந்தது. பாத்தி கட்ட ஆள் வருகிறார்கள், தண்ணீர் விட ஆள் வருகிறார்கள், குழியைக் கிளற மட்டும் குறிப்பிட்ட சிலர்தான் வருகிறார்கள், மற்றவர்கள் அந்தப் பக்கம் திரும்புவதுகூட இல்லை. யார் அந்தச் சிலர் என்று தமிழ் படிக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2024 அக்டோபர் 3ஆம் தேதி உச்ச நீதிமன்றம், பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில், சிறைக்குள் சாதி பார்த்து வேலை பிரிப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்புச் சொல்லி, கைதிகள் பதிவேட்டில் இருக்கும் சாதிக் கட்டத்தையே நீக்கச் சொன்னது. கைதிகளைச் சாதிவாரியாகப் பிரித்து அடைக்கிறார்கள் என்ற பாளையங்கோட்டைச் சிறை விவகாரமும் அந்த வழக்கில் பேசப்பட்டது. தீர்ப்பு வந்துவிட்டது, கட்டத்தையும் அழித்துவிடலாம், ஆளின் மனசில் இருக்கிற கட்டத்தை யார் அழிப்பது? நாங்கள் செய்தது ஒன்றுதான்: குழிக்கு முறை வைத்தோம், தன் முறைக்கு வராதவனுக்குப் பாத்தியும் இல்லை. ரெண்டு பேர் தோட்டமே வேண்டாம் என்று போய்விட்டார்கள். போகட்டும். இதையெல்லாம் பூவும் காயும் மனிதரை மாற்றிவிடும் என்று பேசுகிறவர்கள் கொஞ்சம் கேட்டுக்கொண்டால் நல்லது.

ஆம், எனக்கு அந்தப் பேச்சில் பெரிய நம்பிக்கை கிடையாது. அமெரிக்காவில் 2002ல் சான் குவென்டின் சிறையில் ஆரம்பித்த தோட்டத் திட்டம், நியூயார்க்கின் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் நடந்த கண்ணாடிக்கூடத் திட்டம் இதையெல்லாம் பற்றிப் படித்தால், தோட்டத்தில் வேலை செய்தவர்கள் திரும்பவும் சிறைக்கு வருவது குறைவு என்று எழுதியிருப்பார்கள். இருக்கலாம். ஆனால் தோட்டத்துக்குத் தானாக வருகிறவன் ஏற்கெனவே கொஞ்சம் அடங்கினவனாகத்தானே இருப்பான், செடிக்குப் போய் அந்தப் பெருமையைக் கொடுப்பானேன்? என் பெரியம்மா இதையே வேறு மாதிரி கேட்டார், "கொலை பண்ணுனவனுக்கு எதுக்குக் கண்ணு கத்திரிக்கா செடி?" என்று. அவனுக்காக இல்லை பெரியம்மா, உள்ளே ஆயிரம் பேர் சாப்பிடுகிறார்கள், அதில் முக்கால்வாசிப்பேர் மேல் இன்னும் குற்றமே நிரூபணம் ஆகவில்லை, அவர்கள் தட்டில் கொஞ்சம் கீரை விழட்டுமே என்றேன். அவருக்குத் திருப்தி இல்லை. ஆனால் போன தடவை வெண்டை விதை ஒரு டப்பா எடுத்துக் கொடுத்துவிட்டார், அவர் தோட்டத்து நாட்டு விதை.

விளைந்ததை யார் சாப்பிடுவது என்பதில் ஒரு தெளிவு முதலிலேயே வேண்டும். சில சென்ட் நிலத்தில் விளைவதை ஆயிரம் பேருக்குப் பங்கு போட முடியாது. சண்டை வரும். எங்கள் ஏற்பாடு, கீரை முதலில் சிறை மருத்துவமனைப் பக்கத்துக்கு, மீதி சமையற்கட்டுக்கு. இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த ஆள் மண்டேலா. ராபன் தீவுச் சிறையில் ஒரு சின்னத் துண்டு நிலத்துக்காக வருடக்கணக்கில் கேட்டுக் கேட்டு வாங்கியவர், 1982ல் போல்ஸ்மூர் சிறைக்கு மாற்றப்பட்ட பிறகு அங்கே மொட்டை மாடியில் தோட்டம் போட்டார். சிறைத்துறை 16 எண்ணெய் பீப்பாயை ரெண்டாக அறுத்துக் கொடுத்தது, 32 தொட்டி. வெங்காயம், கத்தரி, முட்டைக்கோசு, பீன்ஸ், கீரை என்று ஒரு கட்டத்தில் கிட்டத்தட்ட 900 செடி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் காய்கறியைச் சமையற்கட்டுக்குக் கொடுத்து மற்றக் கைதிகளுக்குச் சமைக்க வைத்தார், வார்டர்களுக்கும் கொடுத்தார், அவர்கள் பை கொண்டுவந்து வாங்கிக்கொண்டு போனார்கள். மாடித்தோட்டக்காரர்கள் எல்லோரும் அவரைக் கொண்டாட வேண்டும். வார்டருக்குக் கொடுத்த விஷயத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். தோட்டம் நடப்பதும் நிற்பதும் கடைசியில் கதவைத் திறந்துவிடுகிற ஆளின் கையில்தான் இருக்கிறது. நாங்கள் காய் கொடுப்பதில்லை, அது கணக்கில் இடிக்கும், குவார்ட்டர்ஸில் நட்டுக்கொள்ள நாற்று கொடுக்கிறோம். கம்பியால் குத்தினாரே, அந்த வார்டர் வீட்டில் இப்போது கத்தரி காய்க்கிறது.

தமிழ்நாட்டில் பெரிய அளவில் பார்க்க வேண்டும் என்றால் திறந்தவெளிச் சிறைகளைத்தான் பார்க்க வேண்டும். கோவை சிங்காநல்லூர், சேலம், சிவகங்கை மாவட்டம் காளையார்கோவில் பக்கம் புரசடை உடைப்பு. அங்கே நன்னடத்தை பார்த்துத் தேர்ந்தெடுத்த தண்டனைக் கைதிகள் நிஜமாகவே விவசாயம் செய்கிறார்கள், கூலியும் உண்டு. புதுச்சேரி காலாப்பட்டுச் சிறையில் புதராகக் கிடந்த இடத்தைக் கைதிகளே திருத்தி இயற்கை முறையில் பயிர் வைத்தார்கள். மரக்கன்று கொடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் இந்த மாதிரி இடங்களைக் கேட்டுப் பார்க்கலாம், மதிலுக்குள் இருக்கிற எங்களை விட்டுவிடுங்கள்.

கூலி என்றதும் இன்னொன்று. தோட்டத்தை வேலை என்று எழுதுவதா, பொழுதுபோக்கு என்று எழுதுவதா? வேலை என்றால் கூலி கொடுக்க வேண்டும், கைதிகளுக்கு நியாயமான கூலி கொடுக்க வேண்டும் என்று 1998லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தண்டனைக் கைதிக்கு அது வேலையாக எழுதப்படுகிறது, விசாரணைக் கைதிக்குப் பொழுதுபோக்கு. ஒரே வெயிலில் ஒரே களையைப் பிடுங்குகிற ரெண்டு பேரில் ஒருவருக்குக் காசு, இன்னொருவருக்கு இல்லை. இது எனக்கு உறுத்திக்கொண்டேதான் இருக்கிறது, கேட்டால் விதி என்கிறார்கள்.

இப்போது எங்கள் நாற்று வெளியே வர ஆரம்பித்திருக்கிறது. ஒரு தட்டு விதைத்தால் எழுபது எண்பது நாற்றாவது தேறும், உள்ளே அவ்வளவு இடம் ஏது? போன ஆடிப்பட்டத்தில் மிஞ்சின கத்தரி, தக்காளி நாற்றுகளைப் பக்கத்து அரசுப் பள்ளியின் சத்துணவுத் தோட்டத்துக்குக் கொடுத்தார்கள். எங்கிருந்து வந்தது என்று பெற்றோருக்குச் சொல்லலாமா வேண்டாமா என்று தலைமையாசிரியை கொஞ்சம் யோசித்தார், அப்புறம் கரும்பலகையிலேயே எழுதிப்போட்டுவிட்டார்.

எனக்கு இப்போதைய கவலை வெளியே வருகிறவர்களைப் பற்றி. சான் பிரான்சிஸ்கோவில் கேத்ரின் ஸ்னீட் என்கிற அம்மையார் எண்பதுகளில் கவுன்ட்டி சிறைக்குள் தோட்டம் ஆரம்பித்தவர். உள்ளே நன்றாக வேலை கற்றுக்கொண்டவர்களுக்கு வெளியே வந்தால் வேலை இல்லை என்பதைப் பார்த்துத்தான் 1992ல் வெளியில் ஒரு தோட்டத் திட்டம் தொடங்கினார். நமக்கு அவ்வளவு வசதி இல்லை. ஒருவரை என் நர்சரியில் வைத்திருக்கிறேன். போலீஸ் வந்து ரெண்டு தரம் விசாரித்துவிட்டுப் போனார்கள், மற்றபடி தொந்தரவு இல்லை, ஒட்டுக் கட்டுவதில் என்னைவிடக் கை சுத்தம். வேறு நர்சரிக்காரர்களிடம் கேட்டால் "ஆள் பற்றாக்குறைதான், ஆனா வாடிக்கையாளருக்குத் தெரிஞ்சா..." என்று இழுக்கிறார்கள். தை மாசத்துக்குள் இன்னொருவர் வெளியே வருகிறார். குழித்தட்டில் விதை போடுவது, நாற்றை வெயிலுக்குப் பழக்கிக் கடினப்படுத்துவது, ஜீவாமிர்தம் போலவே புளிக்கவைக்க வேண்டிய பஞ்சகவ்யம் தவிர எல்லாம் தெரியும். கோபி, சத்தி, பவானிப் பக்கம் நர்சரி வைத்திருப்பவர்கள் யாராவது அவரை எடுத்துக்கொள்ள முடியும் என்றால் எனக்கு எழுதுங்கள். தங்க ஒரு அறை இருந்தால் போதும் என்கிறார், சம்பளம் மற்றவர்களுக்குக் கொடுப்பதையே கொடுங்கள், குறைக்காதீர்கள்.